தி ஒயர்: முதல் சீசன் முடிச்சாச்சு, ரெண்டாவதுல துறைமுகத்துக்கு ஏன் போறாங்க?

ராத்திரி ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவோட பால்டிமோர் நகரத்துப் போலீஸையும் போதை மருந்துக் கும்பலையும் பத்தின 'தி ஒயர்' தொடர்ல முதல் சீசன் 13 எபிசோடும் பார்த்து முடிச்சுட்டேன். ஆரம்பத்துல யார் யாருன்னே பிடிபடலை. போலீஸ் பக்கம் லெப்டினன்ட், மேஜர், டெபுடின்னு ஒரு கூட்டம். அந்தப் பக்கம் குடியிருப்பு முற்றத்துல ஆரஞ்சு சோபாவைப் போட்டு உக்காந்திருக்கிற பசங்க. யாரையும் யாரும் நமக்கு அறிமுகப்படுத்த மாட்டேங்கறாங்க. ஆனா எப்போன்னு தெரியாமலே உள்ளே இழுத்துருச்சு. கும்பல்ல இருக்கிற டிஆஞ்சலோ பசங்களுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிற இடம், கடைசியில அந்தப் பசங்கள்ல ஒருத்தனான வாலஸ் அந்த ரூம்ல சாகறதுக்கு முன்னாடி நிக்கிற இடம்... அன்னிக்குத் தூக்கமே வரலை.

அதே வேகத்துல ரெண்டாவது சீசனைப் போட்டா, கும்பல் தலைவன் ஏவனோட ஆளுங்க எல்லாம் ஓரமாப் போய்ட்டாங்க. துறைமுகம், மூட்டை இறக்குற யூனியன், சர்ச் ஜன்னலுக்காக ஒரு போலீஸ் மேஜரோட சண்டை, கண்டெய்னருக்குள்ள 13 பெண்களோட பிணம். ரெண்டு எபிசோடோட நிறுத்தி வெச்சிருக்கேன்.

2021-ல பிபிசி உலகம் பூரா விமர்சகர்கள்கிட்ட வாக்கெடுத்தப்போ 21-ஆம் நூற்றாண்டோட சிறந்த தொடர்னு இதுக்குத்தான் முதலிடம் கொடுத்தாங்க. ஆனா ஓடின காலத்துல ஒரு எம்மி டிவி விருதுகூட வாங்கலையாமே? இதுல என்ன இருக்குன்னு மனசு விட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க. துறைமுகத்தைத் தாண்டிப் போயிடலாமா, பார்த்தே ஆகணுமா? அடுத்து யார் சாகறாங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.

---

மூன்றாம் வரிசை எழுதியது:

தாண்டாதீங்க. காரணத்தை டீச்சர் வந்து விளக்குவாங்க, அவங்க இந்தத் தொடரை விட மாட்டாங்க.

நான் காதால கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்றேன். டைட்டில் பாட்டு டாம் வெய்ட்ஸ் எழுதினது. ஒவ்வொரு சீசனுக்கும் வேற வேற குரல். முதல் சீசன்ல பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா, இப்போ நீங்க கேக்கிறது டாம் வெய்ட்ஸோட சொந்தக் குரல். நாலாவதுல பால்டிமோர் ஊர்ப் பசங்களே பாடுவாங்க. அந்த சீசன் எதைப் பத்தினதுன்னு பார்த்ததும் ஏன் பசங்க குரல்னு புரியும். அப்புறம் காட்சிக்கு நடுவுல பின்னணி இசையே கிடையாது, கவனிச்சீங்களா? பாட்டு கேட்டா அது கார் ரேடியோவுல, பார்ல, தெருவுல ஓடுற பாட்டா இருக்கும். சீசன் முடிவுல வர்ற தொகுப்புதான் விதிவிலக்கு. வாலஸ் சாகறப்போ அழச் சொல்லி ஒரு வயலின்கூட வராது. அதனாலதான் உங்களுக்கும் அன்னிக்குத் தூக்கம் வரலை.

எம்மி விஷயம் உண்மை. 5 சீசன், 60 எபிசோடு. எழுத்துக்கு ரெண்டே ரெண்டு தடவை பரிந்துரை, பரிசு ஒண்ணுகூட இல்லை. பீபாடி மாதிரி வேற விருதுகள் கிடைச்சது. சப்டைட்டில் போட்டே பாருங்க, அந்தத் தெருப் பேச்சு பழக நேரம் எடுக்கும்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

தம்பி, வாலஸ் சாவிலேயே தூக்கம் போனவர் துறைமுகத்தைத் தாண்டிப் போகக் கூடாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். இந்தத் தொடர் என்னைப் பிடித்துக்கொண்டதும் அந்த வழியில்தான். யார் எதை எண்ணுகிறார்கள், யாருக்காக எண்ணுகிறார்கள், எண்ணிக்கை தப்பினால் யார் முதுகில் அடி விழுகிறது? இந்த மூன்று கேள்வியையும் 60 எபிசோடு முழுக்க விடாமல் கேட்கிற வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை.

முதல் சீசனில் வாலஸ் சில சின்னப் பிள்ளைகளை ஒரு பாழடைந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வானே. பெரியவர்கள் யாரும் கிடையாது. காலையில் சிப்ஸ் பாக்கெட்டும் ஜூஸும் கையில் கொடுத்து எல்லாரையும் ஸ்கூலுக்குத் துரத்துவான். எட்டாவது எபிசோடில் அந்தப் பிள்ளைகளில் ஒன்று வீட்டுப்பாடக் கணக்கைக் கொண்டுவரும். பஸ்ஸில் இத்தனை பேர் இருந்தார்கள், வழியில் இத்தனை பேர் ஏறினார்கள், இத்தனை பேர் இறங்கினார்கள், மீதி எத்தனை? பிள்ளை குத்துமதிப்பாக எதையோ சொல்லும். வாலஸ் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதே மாதிரிக் கணக்கை வேறு விதமாகக் கேட்பான். உன்னிடம் சரக்கு 20 குப்பி இருக்கிறது. ரெண்டு பேர் வந்து ஆளுக்கு ரெண்டு கேட்கிறார்கள். இன்னொருத்தன் மூணு வாங்குகிறான். கூட்டாளி போடி வந்து பத்து கொடுத்துவிட்டுப் போகிறான். காரில் வந்த ஒருத்தன் எட்டு வாங்குகிறான். மீதி? பிள்ளை சட்டென்று 15 என்று சொல்லும். இது வருகிறது, புத்தகக் கணக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அவன் கேட்டால், இந்தக் கணக்கு தப்பினால் உதைப்பார்களே என்று பதில் வரும்.

இதை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். 20-லிருந்து 4 போய், 3 போய், 10 வந்து, 8 போகிறது. காகிதம் இல்லை, விரல் மடக்கவில்லை. என் வகுப்பில் அந்த வயசுப் பிள்ளை இதை மனக்கணக்காகப் போட்டால் எல்லாரையும் கைதட்டச் சொல்வேன். அந்தப் பிள்ளைக்கு மூளை இருக்கிறது, கணக்கும் வருகிறது. எந்தக் கணக்கு தப்பினால் வலிக்கும் என்பதை அதன் தெரு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துவிட்டது. இவ்வளவும் ஒரு சின்னக் காட்சிக்குள், யாரும் பிரசங்கம் பண்ணாமல். தொடரை எழுதிய டேவிட் சைமனையும் எட் பர்ன்ஸையும் நான் மதிப்பது இதற்காகத்தான்.

கும்பல் போன் எண்ணை மறைத்து அனுப்புகிற பேஜர் சங்கேதமும் இப்படித்தான். போன் பொத்தான்களில் 5 நடுவில் இருக்கும். அதைத் தாண்டி எதிரே இருக்கிற எண்ணை அழுத்த வேண்டும். 1-க்கு 9, 2-க்கு 8, 3-க்கு 7, 4-க்கு 6. நடுவில் இருக்கிற 5-க்கும் 0-வுக்கும் இடமாற்றம். தெருமுனைப் பையன் நின்ற இடத்திலேயே போட்டுவிடலாம், ஆனால் ஒரு போலீஸ் பிரிவே அதை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. அதைக் கண்டுபிடிப்பது ப்ரெஸ் என்ற போலீஸ்காரர், துப்பாக்கியைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கெடுக்கிற ஆள். அவரை மறந்துவிடாதீர்கள்.

இப்போது துறைமுகம். முதல் சீசன் பூராவும் பலகை அடித்து மூடிய செங்கல் வீடுகளை வரிசை வரிசையாகப் பார்த்தீர்கள். அந்த வீடுகளில் யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாம் சீசன் அதற்குப் பதில். 1950-ல் பால்டிமோரின் மக்கள்தொகை ஏறக்குறைய 9.5 லட்சம். 2000-ல் 6.5 லட்சம். ஸ்பாரோஸ் பாயிண்டில் பெத்லஹெம் ஸ்டீலின் பிரம்மாண்ட உருக்காலை இருந்தது. அந்த நிறுவனம் 2001-ல் திவாலுக்கு மனு போட்டது. துறைமுகத்தில் இயந்திரம் வந்து ஆள் குறைந்தது. யூனியன் பொருளாளர் ஃபிராங்க் சொபோட்கா கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கால்வாயை ஆழப்படுத்துங்கள், பழைய தானியத் துறையைச் சரிபண்ணுங்கள், கப்பல் வரும், என் ஆட்களுக்கு மாதத்தில் இன்னும் சில நாள் வேலை கிடைக்கும். அதற்கு அரசியல்வாதிகளிடம் பணம் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கதை. தெருமுனையில் நிற்கிற கறுப்பினப் பையனையும் கப்பல் வராத நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்கிற போலிஷ் வம்சத்துப் பையனையும் ஒரே காரணம்தான் தள்ளிவிடுகிறது என்று இந்த சீசன் காட்டுகிறது.

அந்த 13 பெண்களைப் பாருங்கள். அவர்கள் கொலையாகியிருந்தால் அது யாருடைய கணக்கில் வரும் என்பதுதான் அதிகாரிகளின் முதல் கவலை. தீர்க்காத கொலை கூடினால் சதவீதம் இறங்கும், கொலைப் பிரிவுக்கு மேலதிகாரியான ராவ்ல்ஸுக்கு அது ஆகாது. தண்டனையாகப் படகு ரோந்துக்கு மாற்றப்பட்ட துப்பறிவாளன் மக்நல்ட்டி உட்கார்ந்து கணக்குப் போட்டு, அத்தனை உடல்களையும் ராவ்ல்ஸ் தலையில் கட்டுவான். அவனும் பழிவாங்கத்தான் செய்கிறான். சொபோட்கா மேல் தனிப்படை வருவதும் செத்தவர்களுக்காக இல்லை, சர்ச்சில் யாருடைய கண்ணாடி ஜன்னல் முதலில் போனது என்ற ரோஷத்தால். ஆனால் அதே மக்நல்ட்டி பிறகு அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது பெயர் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அலைவான். எண்ணாக இருந்தவளைப் பெயராக்கப் பார்க்கிற அந்த அலைச்சலுக்காகவே பார்க்கலாம்.

மூன்றாவதில் போலீஸ் அதிகாரிகளின் வாராந்திரக் குற்றப் புள்ளிவிவரக் கூட்டங்கள் வரும். நான்காவது பள்ளிக்கூடம். அதைப் பற்றி இப்போது அதிகம் சொல்லக் கூடாது. ஒரே ஒரு காட்சி. வகுப்பில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் முகத்தை பிளேடால் கிழித்துவிடுவாள். ரத்தம், கூச்சல், எல்லாரும் விலகி நிற்கிறார்கள். கிழித்தவள் திகைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருப்பாள். டூக்கி என்று ஒரு பையன், துவைத்த துணி இல்லாததால் யாரும் பக்கத்தில் உட்கார விரும்பாத பையன், குப்பையிலிருந்து எடுத்துச் சரிபண்ணிய பாட்டரி விசிறி ஒன்றைக் கையில் வைத்திருப்பான். மெதுவாக அவள் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, அந்த விசிறியை அவள் முகத்துக்கு நேரே பிடிப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். வகுப்பறையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, திரையில் ஒரு வகுப்பறை நிஜமாக இருந்து நான் பார்த்தது அங்கேதான். எட் பர்ன்ஸ் பால்டிமோரில் கொலைப் பிரிவு துப்பறிவாளராக இருந்து, பிறகு அங்கேயே பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். வகுப்பறையில் நிற்காத ஒருவரால் அந்த விசிறியை எழுதியிருக்க முடியாது.

---

ஜன்னலோரம் எழுதியது:

டீச்சர் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். நான்காம் சீசனுக்கு ஈடு இல்லை. ஆனால் முழுத் தொடரையும் கோயில் சிலை மாதிரி வைத்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

ஐந்தாவது சீசன் பத்தே எபிசோடு, செய்தித்தாள் அலுவலகம் களம். சைமன் 'பால்டிமோர் சன்' பத்திரிகையில் நிருபராக இருந்து 1995-ல் வெளியேறியவர். அந்தப் பழைய மனத்தாங்கல் எழுத்தில் தெரிகிறது. மற்ற நான்கு சீசனிலும் கெட்டவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும், நல்லவனுக்கும் ஒரு அழுக்கு இருக்கும். ஐந்தாவதில் நகரச் செய்தி ஆசிரியர் கஸ் பத்தரைமாற்றுத் தங்கம், அவருக்கு மேலே இருப்பவர்கள் வெறும் பரிசுப் பைத்தியங்கள். போலீஸ் பக்கத்துக் கதையும் (என்னவென்று சொல்ல மாட்டேன்) அதுவரை இருந்த நிதானத்தை மீறிப் போகிறது.

இன்னொன்று பெண்கள். துப்பறிவாளர் கிமா இருக்கிறாள், துறைமுகப் போலீஸ் பீடி ரஸல் இருக்கிறாள், பிறகு கும்பல் பக்கம் ஸ்னூப் வருகிறாள். ஃபெலிசியா பியர்சன் அந்த வேடத்தில் நின்ற விதத்தை மறக்கவே முடியாது. இருந்தும் இவ்வளவு பெரிய நகரத்தில் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் கிடைத்த நேரம் குறைவு. பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கிற பெண்கள் அந்தத் தெருக்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பையன்களுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியாவது அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாம் சீசனை விடாதீர்கள் என்பதில் மட்டும் மாற்றுக் கருத்தே இல்லை. என்னைப் பொறுத்தவரை முழுமையாக அமைந்த சோக நாடகம் அதுதான்.

---

செங்கல் வீடு எழுதியது:

நான் சில வருஷம் பால்டிமோர்ல ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல குடியிருந்தேன். ஊரைப் பத்தி மட்டும் கொஞ்சம் சொல்றேன்.

தொடர்ல பார்க்கிற வரிசை வீடுகளும் வாசல்ல இருக்கிற வெள்ளைப் பளிங்குப் படிக்கட்டும் நிஜம். அந்தப் படியைத் தேய்ச்சுக் கழுவி வைக்கிறது அங்கே ஒரு கௌரவம். பக்கத்து வீடு பலகை அடிச்சுக் கிடக்கும், இந்த வீட்டுப் பாட்டி தன் படியைப் பளபளன்னு வெச்சிருப்பாங்க. அடுக்கு மாடிக் குடியிருப்புகளைப் பார்த்தீங்கல்ல? அந்த மாதிரிக் கோபுரங்கள்ல லஃபாயெட் கோர்ட்ஸை 1995-லயே வெடிவெச்சுத் தகர்த்துட்டாங்க.

நடிச்சவங்கள்ல நிறைய பேர் ஊர்க்காரங்க. மூணாவது சீசன்ல டீக்கனா ஒருத்தர் வருவார், ரொம்ப அமைதியான பெரியவர். அவர் மெல்வின் வில்லியம்ஸ். ஒரு காலத்துல அந்த ஊரோட பெரிய போதை மருந்து வியாபாரி. 1980-கள்ல அவரைப் பிடிச்ச போலீஸ்காரங்கள்ல ஒருத்தர் இதே எட் பர்ன்ஸ். பிடிச்சவர் எழுத, பிடிபட்டவர் நடிக்கிறார்.

தானியத் துறை பத்தி டீச்சர் சொன்னாங்க. லோகஸ்ட் பாயிண்ட்ல இருந்த நிஜமான தானியக் கிடங்கு இப்போ வசதியானவங்க குடியிருக்கிற அடுக்குமாடி. ரெண்டாவது சீசன்ல பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தையும் பார்க்கலாம். 2024 மார்ச் 26 ராத்திரி டாலிங்கிற சரக்குக் கப்பல் மோதி விழுந்தது அந்தப் பாலம்தான். கப்பல் மாலுமிகள்ல பெரும்பாலானவங்க இந்தியர்கள். பாலத்து மேல ரோட்டைச் சரிபண்ணிக்கிட்டிருந்த 6 தொழிலாளிகள் செத்துப் போனாங்க. அந்தச் செய்தி வந்தப்போ எனக்கு சொபோட்கா ஆளுங்க முகம்தான் வந்தது.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. எந்த ஊர்னு கேட்டு, பால்டிமோர்னு சொன்னதும் தொடர்ல வர்ற ஓமர், ஸ்ட்ரிங்கர்னு ஆரம்பிக்கிறது அங்கே இருக்கிறவங்களுக்கு அலுத்துப் போச்சு. நல்ல தோட்டம், நல்ல நண்டு, ஞாயித்துக்கிழமை சர்ச் பாட்டு எல்லாம் உள்ள ஊர் அது. அதே சமயம் 2015-ல ஃப்ரெடி கிரே போலீஸ் காவல்ல காயப்பட்டு இறந்தார். 2017-ல துப்பாக்கி ஒழிப்புத் தனிப்படைப் போலீஸ்காரங்களே கொள்ளை கேஸ்ல மாட்டினாங்க. அதைத்தான் சைமனும் ஜார்ஜ் பெலகானோஸும் 2022-ல 'வி ஓன் திஸ் சிட்டி'ன்னு தனித் தொடரா எடுத்தாங்க. இதை முடிச்சுட்டு அதைப் பாருங்க.

---

ராத்திரி ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், நீங்க சொன்ன குப்பிக் கணக்குக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை அது சும்மா கடந்து போயிருந்தது.

ஒரு சந்தேகம். ப்ரெஸ்ஸை மறந்துடாதீங்கன்னு சொன்னீங்க. அந்த ஆளு குடியிருப்புல 14 வயசுப் பையனைத் துப்பாக்கியால அடிச்சு ஒரு கண்ணையே போக்கினவர். அவரோட மேலதிகாரி டேனியல்ஸ் பக்கத்துல நின்னு என்ன பொய் சொல்லணும்னு சொல்லிக்கொடுப்பார். சங்கேதத்தை உடைச்சதும் எல்லாரும் அவரைப் பாராட்டறாங்க. என்னால முடியலை. தொடர் அவரை மன்னிக்கச் சொல்லுதா?

---

கணக்கு டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அந்தக் கோபத்தைக் கைவிடாமலே பாருங்கள்.

தொடர் மன்னிக்கச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்; சாவு சம்பந்தப்பட்டது இல்லை, அதனால் சொல்கிறேன். நான்காவது சீசனில் ப்ரெஸ் போலீஸ் வேலையை விட்டுவிட்டு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக வருவார். எதிரே உட்கார்ந்திருப்பது அவர் அடித்த பையனின் வயதையொத்த பிள்ளைகள். கண் போனவனிடம் போய் மன்னிப்புக் கேட்கிற காட்சி அங்கே கிடையாது. அவர் நல்லவராகிவிட்டார் என்று யாரும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. வகுப்பில் முதல் நாள் அவர் படுகிற பாடு மட்டும் இருக்கும்.

பாடம் எடுக்க வராமல் தடுமாறுவார். பிறகு பையன்கள் தாயம் உருட்டி சூதாடுவதைப் பார்த்து, அந்தத் தாயக்கட்டையை வைத்தே நிகழ்தகவு நடத்துவார். இரண்டு கட்டையில் 7 ஏன் அதிகம் விழுகிறது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஆறு விதமாக 7 வரும், 12 ஒரே விதமாகத்தான் வரும். வாலஸ் அந்தப் பிள்ளைக்குச் செய்ததும் இதேதான். தெரிந்த இடத்திலிருந்து கேள்வியைத் தொடங்குவது. வாலஸுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் உயிரோடு இருந்திருந்தால் நல்ல வாத்தியாராகியிருப்பான் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

அந்த வகுப்பு சூடு பிடிக்கிற நேரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். மாநிலத் தேர்வு வருகிறது, எல்லாரும் தேர்வுக் கேள்விகளை மட்டுமே நடத்துங்கள், மதிப்பெண் ஏற வேண்டும். ப்ரெஸ் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இது போலீஸ் புள்ளிவிவரத்தைத் திருகுகிற அதே வேலைதான் என்று பக்கத்தில் இருக்கிற டீச்சரிடம் சொல்வார். கொள்ளையைத் திருட்டு என்று பதிவு பண்ணினால் மேஜர் கர்னலாவார். இங்கே மதிப்பெண்ணைத் தூக்கினால் வேறு யாரோ மேலே போவார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், தம்பி. வேறு நாட்டில், வேறு பெயரில். எந்தப் பிள்ளைக்கு இன்னும் வகுத்தல் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை, தேர்ச்சி சதவீதத்தைத்தான் கேட்டார்கள். அதனால்தான் அந்த மனிதரை எனக்குப் பிடிக்காவிட்டாலும் அந்தக் காட்சியில் அவர் பக்கம் நிற்கிறேன்.

ஜன்னலோரம், பாட்டிகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான்காம் சீசனில் மாணவன் ராண்டியை வளர்க்கிற மிஸ் அன்னா ஒருத்தி போதாதுதான். கஸ் பற்றியும் வாதாட மாட்டேன். ஆனால் ஐந்தாவதில் போதைக்கு அடிமையான பபிள்ஸுக்கு எழுதியிருப்பதற்காக அந்தப் பத்து எபிசோடையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். பபிள்ஸாக வரும் ஆண்ட்ரே ரோயோவின் நடிப்புக்கு எந்த விருதும் ஈடாகாது.

தம்பி, இன்று ஷிஃப்ட் முடிந்ததும் மூன்றாவது எபிசோடைப் போடுங்கள். பீடி ரஸல் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தவள், கண்டெய்னரைத் திறந்து பார்த்தவள். அவள் துப்பறிவாளர்கள் ஃப்ரீமனிடமும் பங்க்கிடமும் வேலை கற்றுக்கொள்கிற வேகத்தில்தான் நாமும் துறைமுகத்தின் கணினிப் பதிவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்கிறோம். எந்த கண்டெய்னர் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.